இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்

கேள்வி ஒன்றுதான். இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? தெல்மா கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினால் போதும், மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் மெயில் சர்வர் தனக்குள் தனித்தனி வேலையாக ஓடும் ஒவ்வொரு பிராசஸையும் தோளில் தட்டி இதைக் கேட்கும். அதது கையிலிருக்கும் வேலையை விடாமலே ஒரு வரி பதில் சொல்லும். வாசலில் நிற்கிறேன், யாராவது வந்தால் உள்ளே விடுவேன். இன்னாருடைய மெயிலைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்ன இடத்திலிருந்து ஒரு மெயிலை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது; ஏன் இவ்வளவு நேரம், எப்போது முடியும் என்றெல்லாம் துருவ முடியாது. இதற்கு அவள் வைத்திருந்த பெயர் குசலம் விசாரிப்பது. கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் இந்த ஆபீஸுக்கு மற்ற நாட்களில் காலையில் வந்து பையை வைத்து, ஏசியைப் போட்டு, ஒரு தடவை குசலம் விசாரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவாள். இன்றைக்கு உட்கார்ந்ததிலிருந்து இதே வேலையாக இருக்கிறாள். கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை கட்டிவிட்டது. எத்தனை தடவை கேட்டாலும் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: வாங்கிக்கொண்டிருக்கிறேன், சாட்டிலைட் நிலையத்திலிருந்து, வாங்கிக்கொண்டிருக்கிறேன், சாட்டிலைட் நிலையத்திலிருந்து. கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் அதன் மெயில் வானத்துக்குப் போய், அந்த ஒரே நிலையத்தில் இறங்கி, அங்கிருந்துதான் தூத்துக்குடிக்கு வரவேண்டும். அதனால் எல்லாமே ஒரே விலாசத்திலிருந்து வருவதாகத்தான் தெரியும். எது எந்தக் கப்பல் என்று முழுசாக வந்து சேரும்வரை சொல்ல முடியாது. பாதியில் பிரித்துப் பார்க்கவும் முடியாது. கப்பலில் எல்லா மெயிலையும் சேர்த்து அமுக்கி ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அனுப்புவார்கள், கடைசி முடிச்சும் வந்தால்தான் மூட்டை பிரியும். இன்றைக்கு அந்த நிலையத்தின் தலைக்கு மேல் என்ன மழையோ, என்ன இடியோ, மூட்டைகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் உள்ளே விடாதே என்று சர்வரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இருக்கிற இடமெல்லாம் நிரம்பிவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கக் காணோம்.

அந்த மூட்டைகளில் ஒன்று லோரன் ஸ்டார் கப்பலுடையது. அதில் ஒரு பெயர் வந்துகொண்டிருக்கிறது. காலையில் தெல்மா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் மேனேஜர் பலவேசம் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்துகிற ஆளே இல்லை, திட்டுவதென்றாலும் தெருவுக்குக் கேட்கத் திட்டுகிறவர். கப்பல்காரனின் வெளிநாட்டு ஆபீஸிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார். லோரன் ஸ்டாரில் ஒரு விபத்து, நம் ஆள் ஒருவருக்கு பலத்த அடி, ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, விவரமெல்லாம் கப்பலிலிருந்து மெயிலில் வரும். பெயர் கேட்டீர்களா சார் என்று அவள் கேட்டபோது அவர் மேஜையைப் பார்த்தார். பெயர் சொன்னார்களாம். பர்னாந்து. எந்த பர்னாந்து என்று இவர் கேட்டதற்கு, அந்த வெள்ளைக்காரன் பொறுமையாக, இவருக்குக் காது மந்தமோ என்னவோ என்று, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து பர்னாந்து என்று சொன்னானாம். தூத்துக்குடி கடற்கரையில் வந்து பர்னாந்து என்று கூப்பிட்டால் எத்தனை கதவு திறக்கும் என்று அவனுக்கு என்ன தெரியும். கப்பலில் ஆளைக் கூப்பிடுவது பாஸ்போர்ட்டில் உள்ள கடைசிப் பெயரை வைத்துத்தான். இந்த ஆபீஸ் மூலம் கப்பலேறிய ஏரல்காரர் ராஜகனியின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் அவர் அப்பா தங்கவேலுடையது. ஆகவே கப்பலில் அவர் மிஸ்டர் தங்கவேல். அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாகியும் அவரை மைக்கில் கூப்பிட்டு இன்ஜின் ரூமைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று ராஜகனி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மற்ற ஊர்க்காரர்கள் அப்பா பெயரில் வேலை பார்க்கிறார்கள் என்றால், இந்தக் கடற்கரைக்காரர்கள் என்றோ கப்பலில் வந்த போர்த்துகீசியன் ஞானஸ்நானத்தோடு விட்டுப்போன பெயரில் வேலை பார்க்கிறார்கள். லோரன் ஸ்டாரில் பர்னாந்து இரண்டு பேர். ஒருத்தர் ஹெர்மன் பர்னாந்து, மேல்தளத்தில் வேலை. இன்னொருத்தர் கிளாட்ஸ்டன் பர்னாந்து, இன்ஜின் ரூமில் ஃபிட்டர், தெல்மாவின் கணவர். பலவேசம் சார் கப்பலுக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்திருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. மெயில்தான் கதி. மெயில் அவள் கையில்.

மேல்தளம் என்றால் ஹெர்மன்தான், இன்ஜின் ரூமில் இருக்கிறவருக்கு எப்படி அடிபடும் என்று மனசு உடனே கணக்குப் போட்டது, போட்ட வேகத்திலேயே அழித்தது. என்ன விபத்து என்றே தெரியாதே. இன்ஜின் ரூமில் இல்லாத விபத்தா. சூடு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, சுற்றுகிற சாமான் ஆயிரம் இருக்கிறது. தவிர ஃபிட்டர் என்றால் இன்ஜின் ரூமோடு நிற்கிறவரா, கப்பலில் எது மக்கர் பண்ணினாலும் வெல்டிங் குழாயைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவர் அவர்தானே. போன மாதம்கூட மேல்தளத்தில் கிரேனுக்குக் கீழே நின்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். தொப்பி இல்லாமல். தொப்பி எங்கே என்று கேட்டதற்கு, போட்டோவுக்காகக் கழற்றினேன் என்றார். பொய். அவருக்குப் பொய் சொல்ல வராது, பொய் சொன்னால் வாக்கியம் நீளமாகிவிடும். அந்த போட்டோவை இப்போது எடுத்துப் பார்க்கக் கை போயிற்று, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மறுபடி கட்டளையைத் தட்டினாள். வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அந்த பிராசஸின் எண் நிற்கும். லோரன் ஸ்டார் வழக்கமாக மெயில் அனுப்பக் கூப்பிடும் நேரத்தையும் இவை உள்ளே வந்த நேரத்தையும் ஒப்பிட்டு, நாற்பத்தேழில் முடிகிற எண்தான் அது என்று அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதற்குப் பக்கத்திலேயே ஐம்பத்திரண்டில் முடிகிற ஒன்றும் அதே நேரத்தில்தான் வந்திருந்தது. ஆனால் நாற்பத்தேழுதான் என்று மனசு பிடித்துக்கொண்டது. அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது, பிடிக்க ஒரு கொம்பு வேண்டியிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், முன்கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே ஜெனோவா உட்கார்ந்திருந்தாள். அதை நினைக்காமல் இருக்கத்தான் தெல்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஜெனோவா ஹெர்மனின் மனைவி. விபத்துச் செய்தி கேட்டு வந்தவள் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாளாக அவரிடமிருந்து போன் இல்லை, கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டுப்போக வந்தாள். அது இந்த ஆபீஸில் சாதாரணம். மாதத்துக்கு நாலு பெண்களாவது அப்படி வந்து கேட்டு, இன்ன கடல் என்று சொன்னதும் அது ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். பெயர் தெரியாமல் யாரிடமும் மூச்சு விடாதே என்று பலவேசம் சார் சொல்லியிருந்தார். அதனால் தெல்மா வெளியே போய் அவளிடம், லைன் சரியில்லை, கப்பலிலிருந்து மெயில் வரவேண்டும், வந்ததும் சொல்கிறேன் என்றாள். அப்படியானால் இருந்து கேட்டுக்கொண்டே போகிறேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போ, நான் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். இரண்டு புருஷன்மாரும் ஒரே நாளில் கப்பலேறினார்கள், அன்றைக்கு ஏர்போர்ட்டில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் கையாட்டினார்கள். திரும்பி வருகிற வழியில் ஜெனோவா காருக்குள் தூங்கிப்போய் இவள் தோளில் சாய்ந்துகொண்டாள். எண்ணெய் வைத்த தலை. அன்றைக்கு இவள் போட்டிருந்த சுடிதாரில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. இப்போது அவள் ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் சத்தம் வராது, வாய் மட்டும் திறந்து மூடும். இவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, என்ன என்பது போலத் தலையை ஆட்டினாள். தெல்மா ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

அடிக்கடி கேட்கக் கூடாது. இந்தக் கட்டளையைப் பற்றிப் பழைய ஆட்கள் சொல்லிவைத்த ஒன்று உண்டு, கேள்வி என்பதே ஒரு தட்டு, தட்டும்போது எந்த பிராசஸ் என்ன நிலையில் இருக்கிறதோ, ஆயிரத்தில் ஒன்று தடுக்கி விழவும் கூடும் என்று. உண்மையோ பொய்யோ, அவள் பார்த்து ஒன்றும் விழுந்ததில்லை. ஆனால் இன்றைக்கு விழுந்தால். நாற்பத்தேழு கடைசி முடிச்சைக் கையில் வாங்கும் நேரத்தில் இவள் போய்த் தோளில் தட்டி, என்ன செய்கிறாய் என்று கேட்டு, அது திரும்பிப் பார்த்து, முடிச்சு நழுவி. கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏசியிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டியது. கிளாட்ஸ்டனும் விடுமுறைக்கு வந்தால் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சமையலறை வாசலில் வந்து நின்று, என்ன செய்யுதே என்பார். கண் முன்னால் மீன் பொரிந்துகொண்டிருக்கும், அவர் என்ன செய்யுதே என்பார். பாத்தா தெரியலையா, கப்பல் ஓட்டுதேன் என்பாள். அவர் சிரிக்காமல் போய் உட்கார்ந்து மறுபடி பத்து நிமிஷத்தில் வருவார். கப்பலில் யாரும் யாரையும் அப்படிக் கேட்க மாட்டார்களாம், வேலை நேரத்தில் வேலை, மற்ற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கை. அதைச் சொன்னபோது அவளுக்குப் பாவமாக இருந்தது, மறுநாள் அவர் வந்து நின்றபோது பழையபடி எரிச்சல்தான் வந்தது. கடைசியாக வீடியோவில் பேசியது தண்ணீர் மோட்டாரைப் பற்றி. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று இவள் சொல்ல, காற்று அடைத்திருக்கும், மேலே ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து தண்ணீர் ஊற்று என்று அவர் அங்கிருந்து கையால் திறந்து காட்டினார். கடலுக்கு நடுவில் இருக்கிற இன்ஜினையெல்லாம் ஓட்டத் தெரியும், வீட்டில் ஒரு மோட்டாரை ஒழுங்காக வைத்துவிட்டுப் போகத் தெரியாது என்றாள். எந்த மூடி, இடது பக்கமா வலது பக்கமா என்று அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லும்போது வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டாள். இடது பக்கம். பிளம்பர் வந்து பார்த்துவிட்டார் என்று ஒரு மெசேஜ் போட்டதோடு சரி. அதற்கு அவர் ஒரு கட்டை விரலை அனுப்பினார். அடிபட்டது கையிலா, காலிலா, தலையிலா. கையாக இருந்தால் ஃபிட்டருக்கு வேலை போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வேலை போனால் போகட்டும், கையோடு போகட்டும், கட்டை விரலோடு போகட்டும் என்று இன்னொன்று வந்தது. அவள் கட்டளையைத் தட்டினாள்.

பலவேசம் சார் உள்ளே வந்தபோது அவருடைய இரண்டு போன்களும் ஒன்றுவிட்டு ஒன்று அடித்துக்கொண்டிருந்தன. வேறொரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய நிற்கிறதாம், ஆட்களின் பேப்பர் மத்தியானத்துக்குள் போகாவிட்டால் கப்பல் வெளியே நிற்கும், அந்த மெயில் உள்ளே வர இடமில்லை. கம்பெனியே முடங்கிக் கிடக்கிறது என்றார். அவர் கோபமாக இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரீஸ்டார்ட் போட்டுருவோமாம்மா? எல்லாம் கழண்டு மறுபடி ஒழுங்கா வருமில்ல?"

"வராது சார். இப்ப பாதி வந்து நிக்கிறதெல்லாம் அறுந்துரும். கப்பல் அடுத்து கூப்பிடும்போதுதான் முதல்லேருந்து வரும்."

"லோரன் ஸ்டார் அடுத்து எப்ப கூப்பிடும்?"

"சாயங்காலம்."

அவர் கண்ணாடி வழியாக முன்கூடத்தைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். சாயங்காலம்வரை இரண்டு பெண்களை எப்படி வைத்திருப்பது என்று யோசித்திருக்க வேண்டும். நீ வேணா வீட்டுக்குப் போயேம்மா, வேற யாரையாவது உட்கார வைக்கிறேன் என்றார். வேறு யார் இருக்கிறார்கள், யாருக்கு இது தெரியும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அரை மணி நேரம் கொடுங்க சார், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு, போகும்போது அவள் தலையைத் தொடப்போவது போலக் கையைத் தூக்கி, நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒவ்வொன்றாக என்று சொல்வது எளிது. குசலம் கேட்டால் பதில் சொல்லாதவை சில உண்டு. வந்த எண் இருக்கும், வரி இருக்காது. அந்தப் பக்கம் கப்பலில் லைன் எப்போதோ அறுந்து போயிருக்கும், இது தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை முடித்துவிடலாம், அது பாவமில்லை, அதுதான் வேலை. பதில் சொல்லாத ஒன்றைத் தேர்ந்து எண்ணைத் தட்டினாள், எண்டருக்கு மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். இதுவாக இருந்தால். நாற்பத்தேழு என்பது இவளாக வைத்த பெயர்தானே. லோரன் ஸ்டார் இன்றைக்கு நேரம் தப்பிக் கூப்பிட்டிருந்தால். விபத்து நடந்த கப்பல் வழக்கமான நேரத்துக்கா கூப்பிடும், முட்டாளே, விபத்து நடந்த கப்பல் எப்போது முடியுமோ அப்போது கூப்பிடும். மறுபடி கேட்டாள், அது மறுபடி வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவை. திறக்கவில்லை. அழுத்தினாள். எண் போய்விட்டது, அந்த இடத்துக்கு உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது, அது மடமடவென்று வாங்கி முடித்து எழுந்தும் போய்விட்டது. அடுத்தது. அதையும் மூன்று தடவை கேட்டாள். ஊமைகளையெல்லாம் முடித்தபோது துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பலின் மெயில் உள்ளே வந்துவிட்டதென்று வெளியிலிருந்து பலவேசம் சாரின் சத்தம் கேட்டது, சத்தத்தில் பழைய தெம்பு இருந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக முடிந்து போயின. கடைசியில் காலையிலிருந்து நின்றவற்றில் நாற்பத்தேழும் ஐம்பத்திரண்டும் மட்டும் மிஞ்சின. இரண்டும் பதில் சொல்லின. வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாங்கிக்கொண்டிருக்கிறேன். மூட்டைகளின் அளவைப் பார்த்தாள், இரண்டுமே வளர்ந்துகொண்டிருந்தன, துளித்துளியாக. இனி கம்பெனிக்கு அவசரமில்லை. அவளைத் தவிர யாருக்கும் அவசரமில்லை.

அவளுக்கும்தான் அவசரமில்லை என்று அப்போது தெரிந்தது. இது வந்து சேராதவரை கிளாட்ஸ்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெர்மனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பர்னாந்துவுக்கு மட்டும் ஏதோ ஆகியிருக்கிறது, அவருக்கு வீடு இல்லை, மனைவி இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை. அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். அப்படியே வந்துகொண்டே இருக்கட்டும் என்று நினைத்தாள். அப்புறம் ஜெபம் சொல்லலாம் என்று கண்ணை மூடினாள். மாதாவே, அவுகளைக் காப்பாத்து. எந்த அவுக என்று மாதா கேட்கவில்லை, இவள்தான் கேட்டுக்கொண்டாள். அவுகளைக் காப்பாத்து என்றால், அடிபட்டது ஏற்கெனவே அடிபட்டாயிற்று, நேற்றோ முந்தின நாளோ, இனிமேல் போய் மாதா அந்த ஆளை மாற்ற முடியுமா. முடிந்த காரியத்துக்கு ஜெபம் செல்லுமா. செல்லாது என்றால் எதற்குக் கேட்கிறாய். செல்லும் என்றால், நீ கேட்பதற்கு அர்த்தம் என்ன தெரியுமா. தெரியும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது காலையில் பலவேசம் சாரின் அறையில், இரண்டு பர்னாந்து என்று நினைத்த அந்த நிமிஷத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, இதுவரை எழுந்திருக்கவே இல்லை. அது ஹெர்மனாக இருக்கட்டும். சொல்லிவிட்டாள். ஜெனோவாவுக்கு ஏழு வயசில் மகள் இருக்கிறாள், தெல்மாவுக்குக் குழந்தை இல்லை. பிள்ளை இருக்கிறவளுக்குத் துணை இருக்கிறது, எனக்கு இந்த ஒரு ஆள்தானே என்று ஒரு பக்கம் வாதாடியது. பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் அவளே வக்கீல், அவளே ஜட்ஜ், தீர்ப்பு மட்டும் எத்தனை தடவை விசாரித்தாலும் ஒன்றேதான் வந்தது. சரி, பலத்த அடி என்றால் சாவு இல்லையே, ஹெலிகாப்டர் எல்லாம் வந்திருக்கிறது, நல்ல ஆஸ்பத்திரியாக இருக்கும், பிழைத்துவிடுவார், ஹெர்மன் பிழைத்துவிடுவார் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாள். ஹெர்மன் என்றே முடிவு பண்ணிவிட்டதைப் பிறகுதான் கவனித்தாள். கவனித்தும் மாற்றவில்லை. தன்னை இவ்வளவு அருகில் அவள் இதற்குமுன் பார்த்ததில்லை, பார்க்கப் பிடிக்கவும் இல்லை. கண்ணைத் திறந்தபோது ஜெனோவா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கையால் சாப்பிடுவது போலச் சைகை காட்டினாள். காலையில் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். தெல்மா சாப்பிட்டேன் என்று தலையாட்டினாள்.

கட்டளையைத் தட்டினாள். வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றது ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழைக் காணவில்லை. மேலும் கீழும் தேடினாள், வரியும் இல்லை, எண்ணும் இல்லை. முடிந்து போனதா, அறுந்து போனதா. கடைசித் தட்டு தட்டிய நேரத்தில் விழுந்ததா. இவள் கேட்டுக் கேட்டுத் தட்டி விட்டாளா. காதுக்குள் இரைச்சலாக இருந்தது, சர்வரின் சத்தமா தன் சத்தமா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். இப்போது வேறொரு எண், புதிய எண், புதிய வரி சொன்னது: கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்று பார்த்தாள். இந்த ஆபீஸுக்குத்தான். அப்படியென்றால் மூட்டை வந்துவிட்டது, பிரித்தாயிற்று, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக அவரவர் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது திரும்பிக் கேட்டால் அந்த வரியும் இருக்காது. அவள் கேட்கவில்லை. ஆபீஸ் மெயில் பெட்டியைத் திறந்தாள். மேலே, கறுத்த எழுத்தில், படிக்கப்படாமல், லோரன் ஸ்டார், கேப்டன், விபத்து அறிக்கை. இதே மெயில் பலவேசம் சாருக்கும் போயிருக்கும், அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், இன்னும் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு நொடி கையைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி திறந்துவிட்டாள். ஆங்கிலத்தில் நீளமான பாராக்கள். கடல் மோசமாக இருந்தது, சரக்கு அறையின் இரும்பு மூடி, மேல்தளத்தில், இடுப்பு எலும்பு, தலையில், நினைவு திரும்பவில்லை. கண் எல்லாவற்றின் மேலும் விழுந்தது, எதிலும் நிற்கவில்லை, பெரிய எழுத்தில் ஒரு பெயரைத் தேடியது. பர்னாந்து, கமா, ஹெர்மன்.

மறுபடி படித்தாள். ஹெர்மன். பெயருக்குப் பிறகு பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஊர். மனைவி பெயர் ஜெனோவா. இன்னும் ஒரு தடவை படித்தாள், எழுத்து மாறுமோ என்று பயந்தவள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி. கீழே ஒரு வரியில், ஃபிட்டர் மூடியின் கீலைச் சரிசெய்துவிட்டார், கப்பல் பயணத்தைத் தொடர்கிறது என்று கேப்டன் எழுதியிருந்தார். ஃபிட்டர் சரிசெய்துவிட்டார். வெல்டிங் குழாயைத் தூக்கிக்கொண்டு போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து. அவர் இருக்கிறார். இந்த நிமிஷம் எங்கோ ஒரு இரும்புத் தரையில் இரண்டு காலிலும் நிற்கிறார், கட்டை விரல் இருக்கிறது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது, அது போனபோது வந்த சந்தோஷத்தைப் போல ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. பசித்தது. ஏசிக் காற்று நன்றாக இருந்தது. வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அந்தச் சத்தம்கூட நன்றாக இருந்தது. பலவேசம் சாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். அவரிடம் சொல்லி, அவர் வந்து, பெரியவராக உட்கார்ந்து, முறைப்படி, மெதுவாக. அவருடைய அறைக்கு முன்கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஜெனோவா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. நெஞ்சில் கையை வைத்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"மெயில் வந்துட்டு, என்னக்கா? நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம், ஒங்க முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

அப்போதுதான் தெல்மாவுக்குத் தன் முகத்தில் சிரிப்பு இருப்பது தெரிந்தது. அதை எடுக்கப் பார்த்தாள். கன்னம் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. இல்லை, ஜெனோவா, கொஞ்சம் உட்காரு என்று சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்ததே தவிர வார்த்தை வரவில்லை. அதற்குள் ஜெனோவா போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டுவிட்டாள். அங்கே மணி அடிக்கும்போதே, இரண்டு நாளா நானும் அத்தையும் தூங்கலக்கா, இந்தா இப்ப சொல்லிட்டா அவுக நிம்மதியா சாப்பிடுவாக என்றாள். அந்தப் பக்கம் எடுத்ததும் குரலை உயர்த்தினாள்.

"அத்தே, மெயில் வந்துட்டு. ஒண்ணுமில்ல. நல்லா இருக்காகளாம்."

தெல்மா அந்தப் போனை வாங்கக் கையை நீட்டினாள். தன் கையைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, ஜெனோவா மற்றக் கையால் அதைப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.